நாலு மணி சிக்னல்: தூத்துக்குடிக்கு நேரம் வந்து சேர்ந்த கதை

இன்னைக்கு எபிசோடை இந்திய ரயில்வேயோட விதிப்புத்தகத்திலிருந்து தொடங்கலாம். அதுல ஒரு விதி இருக்கு. ரயில்கள் எல்லாம் அரசு நிர்ணயித்த நேரப்படிதான் ஓடணும். அந்த நேரத்தை ஒவ்வொரு நாளும் 16 மணிக்கு எல்லா முக்கிய ஸ்டேஷன்களுக்கும் சிக்னலாக அனுப்பணும். இன்னொரு விதி, வண்டி கிளம்புறதுக்கு முன்னாடி கார்டு தன் கைக்கடிகாரத்தை ஸ்டேஷன் கடிகாரத்தோட சரிசெய்துக்கணும், அதை டிரைவருக்குச் சொல்லணும், டிரைவர் அதன்படி தன்னுடையதைத் திருத்திக்கணும்னு சொல்லுது.

கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிற யாராவது இதைப் படிச்சா சின்னதா ஒரு சிரிப்பு வரும். ஏன்னா இது அப்படியே நாங்க செய்யுற வேலை. நூறு மெஷின் இருக்கு. ஒவ்வொன்றிலும் உட்கார்ந்து செட்டிங் மாற்ற முடியாது. அதனால் நடுவில் ஒரு சர்வர் வைக்கிறோம். "ஒவ்வொரு மெஷினும் எப்படி இருக்கணும்" என்பதை அதில் ஒரே ஒரு தடவை எழுதி வைக்கிறோம். மத்த மெஷின்கள் எல்லாம் குறிப்பிட்ட இடைவெளியில் அந்த சர்வரைக் கேட்டு, தான் விலகிப் போயிருந்தால் தன்னைத் திருத்திக்கும். 1993-ல் நார்வேயில் ஓஸ்லோ பல்கலைக்கழகத்தில் மார்க் பர்ஜெஸ் என்பவர் எழுதிய சி.எஃப்.எஞ்சின் இந்த வகையில் முன்னோடி. அப்புறம் 2005-ல் பப்பெட், அதற்குப் பின்னால் ஷெஃப், சால்ட், ஆன்சிபிள். (சால்ட் என்றால் உப்பு. உப்பளத்து ஊரைப் பற்றிப் பேசப்போறோம், சும்மா ஞாபகத்துல வச்சுக்கோங்க.)

எனக்கு இந்தக் கதை கிடைச்சது தூத்துக்குடியில். அங்கே ஒரு கிளியரிங் அலுவலகத்துக்கு, பேர் வேண்டாம், மூணு கட்டடத்தில் பரவிக் கிடந்த 26 கம்ப்யூட்டர்களை ஒரே சர்வருக்குக் கீழே கொண்டுவரும் வேலை. பப்பெட் போட்டோம். அதுல முதல் படி என்னன்னா, ஒவ்வொரு மெஷினும் சர்வரிடம் தன்னை அறிமுகப்படுத்திக்கணும். சர்வர் ஒரு சர்டிபிகேட் கொடுக்கும். அடையாள அட்டை மாதிரி. அதில் "இந்தத் தேதி, இந்த நேரத்திலிருந்து செல்லும்" என்று எழுதியிருக்கும். 26-ல் 9 மெஷின்கள் அந்த அட்டையை ஏற்கவே இல்லை. "இந்தச் சர்டிபிகேட் இன்னும் செல்லுபடியாகவில்லை" என்று பதில். காரணம் ரொம்ப எளிது. உள்ளே இருக்கும் சின்ன பட்டன் பேட்டரி செத்துப்போச்சு. கடல்காத்துல எது துருப்பிடிக்கலை? பவர் போய் வந்தால் அந்த மெஷின்களுக்குக் காலம் பல வருஷம் பின்னாடி போயிடும். நேத்து கொடுத்த அட்டை அதுகளுக்கு எதிர்காலத்துல கொடுக்கப்போற அட்டை.

அங்கே கணக்கு பார்க்கிற ஒரு அண்ணாச்சி, நாங்க பேட்டரி மாத்திக்கிட்டு இருந்ததைப் பார்த்துட்டுக் கேட்டார்: "என்ன தம்பி, மணி தப்பாக் காட்டுனா மத்த வேலை ஒண்ணும் ஓடாதோ?"

ஓடாது அண்ணாச்சி. மையமாக எதை வைக்கணும்னாலும் முதல்ல நேரம் ஒத்துப்போகணும். பப்பெட்டை நிறுவும் வழிகாட்டியிலேயே, எல்லாத்துக்கும் முன்னாடி நேரத்தைச் சரிசெய்யுங்கன்னுதான் சொல்லியிருப்பாங்க. அண்ணாச்சிக்குச் சொன்ன பதிலை நானே யோசிச்சுப் பார்த்தேன். தூத்துக்குடிக்கு இந்த "ஒத்துப்போன நேரம்" எப்போ வந்தது? யார் அனுப்பினார்கள்? அதுக்கு முன்னாடி இந்த ஊர் என்ன மணியில் வாழ்ந்தது?

முத்துக்குளிப்பிலிருந்து பார்ப்போம், ஏன்னா அதுதான் இந்தக் கரையில் நூற்றுக்கணக்கான படகுகளை ஒரே ஒழுங்குக்குள் கொண்டுவந்த பழைய ஏற்பாடு.

மன்னார் வளைகுடாவில் கடலடியில் பாறைத் திட்டுகள் உண்டு. பரதவர்கள் அதைப் "பார்" என்பார்கள். தூத்துக்குடிக்கு எதிரே உள்ள தோலாயிரம் பார் அதில் பேர் பெற்றது. முத்துச்சிப்பி அந்தப் பாரில்தான் ஒட்டி வளரும். எல்லா வருஷமும் குளிப்பு கிடையாது. சிப்பி முத்துற வருஷம் மட்டும், மார்ச், ஏப்ரல் மாதங்களில், கடல் அமைதியா இருக்கும்போது. போர்ச்சுகீசியர், 1658-க்குப் பிறகு டச்சுக்காரர், அப்புறம் ஆங்கிலேயர் என்று கரையை ஆண்டவர்கள் மாறினாலும் குளிப்புக்கான கட்டுப்பாடு மட்டும் ஒரே இடத்தில்தான் இருந்தது. எந்தப் பார், எத்தனை படகு, ஒரு படகுக்கு எத்தனை கல் என்பதெல்லாம் அங்கேயே முடிவாகும். கல் என்றால் குளியாள் காலில் மாட்டிக்கொண்டு சரசரவென்று கீழே இறங்கும் கல். உரிமையையே கல் கணக்கில்தான் எண்ணினார்கள். "உனக்கு இத்தனை கல்" என்றால் அத்தனை பேர் இறங்கலாம் என்று பொருள்.

படகுகள் கிளம்ப வேண்டிய நேரம் கடிகாரத்தில் இல்லை, காற்றில் இருந்தது. நடு ராத்திரிக்குப் பக்கத்தில் கரையிலிருந்து கடலை நோக்கி காற்று வீசும். அதைப் பிடித்துக் கிளம்பினால் விடியும்போது பாருக்கு மேலே இருக்கலாம். சூரியன் ஏறியதும் குளிப்பு தொடங்கும். ஒரு குளியாள் கிட்டத்தட்ட ஒரு நிமிஷம் கீழே இருப்பான், மேலே ஒருவர் கயிற்றைப் பிடித்திருப்பார். உச்சி நேரத்துக்கு மேல் காற்று திரும்பி கடலிலிருந்து கரைக்கு வீசும். அதைப் பிடித்து எல்லாரும் ஒன்றாகத் திரும்புவார்கள். கிளம்பச் சொல்ல ஒரு பீரங்கிச் சத்தம். நிறுத்தச் சொல்ல ஒரு அடையாளம். சுறாவின் வாயைக் கட்ட கடல்கட்டி என்று ஒரு மந்திரக்காரர். அவர் வராமல் படகு கிளம்பாது. அவரும் ஒரு மாதிரி பாதுகாப்பு ஏற்பாடுதான் என்று வச்சுக்கலாம்.

இந்த பீரங்கி எனக்குப் பிடிச்ச விஷயம். அது "மணி 12" என்று சொல்லவில்லை, "இப்போ" என்று மட்டும் சொன்னது. எல்லாப் படகுக்கும் ஒரே "இப்போ". மையம் ஒன்றுதான், ஆனால் அந்த மையம் கரையிலேயே, அதே காற்றுக்குள்ளேயே நின்றது. காற்று வரலைன்னா பீரங்கிக்காரனுக்கும் தெரியும்.

அடுத்து வந்த மையம் 600 கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம், சென்னையில் இருந்தது.

சென்னை நுங்கம்பாக்கத்தில், இப்போ வானிலை ஆய்வு மையம் இருக்கிற வளாகத்தில், ஒரு பெரிய கருங்கல் தூண் நிற்குது. கிட்டத்தட்ட 15 அடி உயரம், எடை 10 டன். அதில் தமிழ் உட்பட பல மொழிகளில் கல்வெட்டு. 1792-ல் கிழக்கிந்தியக் கம்பெனி அங்கே ஒரு வானாய்வகம் கட்டியது. அந்தத் தூண்மேல்தான் நட்சத்திரம் உச்சியைக் கடக்கும் நொடியைப் பார்க்கும் தொலைநோக்கி இருந்தது. தூண் அவ்வளவு கனமா இருக்கக் காரணம், அது அசையக்கூடாது. அந்த நொடிதான் சென்னையின் நேரம். அதை வச்சுத்தான் அங்கிருந்த கடிகாரங்களைத் திருத்தினார்கள்.

வானியல் ஆர்வத்துக்காக மட்டும் கம்பெனி பணம் செலவழிக்கவில்லை. வானாய்வகத்தைத் தொடங்கிய மைக்கேல் டாப்பிங் கடற்கரையை அளந்த சர்வேயர். கப்பலுக்கு நேரம் என்பது இடம். கப்பலில் இருக்கும் குரோனோமீட்டர் 4 நொடி தப்பினால் வரைபடத்தில் கப்பல் கிட்டத்தட்ட ஒரு கடல் மைல் கிழக்கிலோ மேற்கிலோ போய்விடும். மன்னார் வளைகுடா மாதிரி தீவும் திட்டும் நிறைந்த இடத்தில் ஒரு மைல் என்பது கப்பல் இருக்குமா இருக்காதா என்ற கேள்வி. 1802-ல் ஜான் கோல்டிங்ஹாம் சென்னையின் தீர்க்கரேகையை நிர்ணயித்தார். கிரீன்விச்சை விட 5 மணி 21 நிமிடம் முன்னே. இதுதான் பின்னாளில் "மெட்ராஸ் டைம்" ஆனது.

இங்கே ஒருத்தரைச் சொல்லாமல் தாண்ட முடியாது. சிந்தாமணி ரகுநாதாச்சாரி. நார்மன் பாக்சன் என்ற ஆங்கிலேய வானியலாளருக்குக் கீழே அதே வானாய்வகத்தில் முதல் உதவியாளர். 1867-ல் ஒரு மாறும் விண்மீனைக் கண்டுபிடித்தவர். 1874-ல் வெள்ளி சூரியனைக் கடந்தபோது மக்களுக்காகச் சிறு நூல் எழுதியவர். அதோடு, வானாய்வகத்தில் கண்ணால் பார்த்த கணக்கை வச்சுப் பஞ்சாங்கத்தைத் திருத்தணும் என்று போராடினார். திருக்கணிதப் பஞ்சாங்கம் என்று நாம் சொல்றது அந்த வழியில் வந்ததுதான். வாக்கியக்காரர்கள் ஒத்துக்கலை. அந்தச் சண்டை இன்னும் முடியலை. 2025 மார்ச்சில் சனிப்பெயர்ச்சி உண்டா இல்லையா என்று வாட்ஸப்பில் அடிச்சுக்கிட்டோமே, ஞாபகம் இருக்கா? திருக்கணிதப்படி அந்த மார்ச், வாக்கியப்படி அடுத்த வருஷம். திருநள்ளாறு கோயில் வாக்கியத்தின் பக்கம் நின்றது. இரண்டு சர்வர், இரண்டு விடை. எந்தச் சர்வரை நம்பணும் என்பதை எந்தச் சாப்ட்வேரும் முடிவு செய்யாது, மனுஷங்கதான் முடிவு செய்யணும்.

சரி, சென்னை நேரம் எப்படி தூத்துக்குடிக்கு வந்தது?

தந்தியும் ரயிலும் சேர்ந்து கொண்டுவந்தன. ஒவ்வொரு ஊரும் தன் தலைக்கு மேல் சூரியன் வரும் நேரத்தை 12 என்று வச்சுக்கிட்டது வரைக்கும் யாருக்கும் தொல்லை இல்லை. ரயில் வந்ததும்தான் பிரச்சினை. எந்த ஊர் மணிக்கு அட்டவணை போடுறது? கல்கத்தா ஒரு பக்கம், பம்பாய் ஒரு பக்கம், இரண்டுக்கும் இடையில் ஒரு மணி நேர வித்தியாசம். 1870-களில் ரயில்வே எடுத்த முடிவு: நடுவில் இருக்கும் சென்னையின் நேரம் எல்லா வண்டிக்கும். நடுவில் இருப்பது மட்டும் காரணம் இல்லை. நேரத்தை நிஜமாகவே "தயாரிக்க" அங்கே ஒரு வானாய்வகமும் இருந்தது.

1876-ல் ரயில் தூத்துக்குடியைத் தொட்டது. அந்த ரயிலோடு தந்திக் கம்பியும், கம்பியோடு நாலு மணி சிக்னலும். இப்போ கணக்குப் போட்டுப் பாருங்க. தூத்துக்குடி சென்னையை விட இரண்டு டிகிரிக்குக் கொஞ்சம் கூடுதலாக மேற்கே இருக்கு. ஒரு டிகிரிக்கு 4 நிமிஷம். ஆக, தூத்துக்குடிச் சூரியன் சென்னைச் சூரியனை விட 8 நிமிஷத்துக்கு மேல் லேட். பனிமய மாதா கோயில் மணியும் உப்பளத்து நிழலும் 12 என்று சொல்லும்போது ஸ்டேஷன் கடிகாரம் 12:08 தாண்டிப் போயிருக்கும்.

எட்டு நிமிஷம் ஒரு பெரிய விஷயமா? கரையில் வாழ்கிறவனுக்கு இல்லை. அவன் வாடையையும் கச்சானையும் கொண்டலையும் பார்த்து வாழ்கிறவன். ஆனால் துறைமுகத்துக்கு அது பெரிய விஷயம். அப்போ தூத்துக்குடியில் கப்பல் கரைக்கு வர முடியாது. கடல் ஆழம் போதாது. சில மைல் தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும். சரக்கும் ஆளும் படகில் போய் ஏறணும். 1914-ல் பாம்பன் பாலம் திறக்கும் வரை சென்னையிலிருந்து கொழும்புக்குப் போகிறவர் எல்லாம் இந்த வழிதான். ரயில் தூத்துக்குடிக்கு வரும், இறங்கி, படகில் ஏறி, நீராவிக் கப்பலில் ராத்திரி முழுக்கப் பயணம் செய்து கொழும்பு. "போட் மெயில்" என்ற பேரே இதனால்தான் வந்தது. ரயில்காரனும் படகுக்காரனும் கப்பல்காரனும் மூணு வேற மணியில் இருந்தால், கரையில் மூட்டை முடிச்சோடு நிற்பவர் தோட்ட வேலைக்குப் போகும் கூலிக் குடும்பம்தான்.

இதில் நேரம் இறங்கி வந்த வழியைப் பாருங்க. நட்சத்திரத்திலிருந்து வானாய்வகத்துக் கடிகாரம். அதிலிருந்து தந்தி அலுவலகம். அங்கிருந்து முக்கிய ஸ்டேஷன். ஸ்டேஷனிலிருந்து கார்டின் கடிகாரம். கார்டிடமிருந்து டிரைவர். இன்டர்நெட்டில் நேரம் பகிரும் முறைக்கு என்.டி.பி. என்று பேர், 1980-களில் டேவிட் மில்ஸ் வடிவமைத்தது. அதிலும் இதே மாதிரி அடுக்குகள் உண்டு. அணுக் கடிகாரம் பூஜ்யம், அதோடு நேரடியாக இணைந்த சர்வர் 1, அதைக் கேட்கும் சர்வர் 2. ஒவ்வொரு படி இறங்கும்போதும் கொஞ்சம் துல்லியம் போகும். அதனால்தான் தினமும் திரும்பத் திரும்பக் கேட்கணும். ஒரு தடவை சரிசெய்துட்டா போதாதா என்று அந்தக் கிளியரிங் அலுவலகத்திலும் கேட்டாங்க. போதாது. எந்தக் கடிகாரமும் தானாக விலகும். வெயிலில் ஒரு மாதிரி, குளிரில் ஒரு மாதிரி. பப்பெட் ஏஜென்ட் 30 நிமிஷத்துக்கு ஒரு தடவை சர்வரைக் கேட்பதும் இதுக்குத்தான். செட்டிங்கும் விலகும். யாராவது ஒருத்தர் "இப்போதைக்கு" என்று எதையாவது மாற்றிவிட்டு மறந்துடுவார்.

ஒரு வித்தியாசம் மட்டும் உண்டு. பப்பெட்டில் மெஷின் தானே போய்க் கேட்கும். நாலு மணி சிக்னல் கேட்காமலேயே வந்து விழும். அந்த நொடியில் நீ கருவி பக்கத்தில் இல்லைன்னா, அடுத்தது நாளைக்குத்தான்.

விலகினால் என்ன ஆகும் என்பதற்கு உலகம் அறிந்த உதாரணம் அமெரிக்காவில், ஓஹையோ மாநிலத்தில் கிப்டன் என்ற சின்ன ஸ்டேஷனில் நடந்தது. 1891 ஏப்ரல். எதிரெதிரே வந்த இரண்டு ரயில்களில் ஒன்றின் எஞ்சின் டிரைவருடைய கடிகாரம் வழியில் 4 நிமிஷம் நின்று, பிறகு ஓடத் தொடங்கியிருந்தது. அவருக்கு அது தெரியாது. இன்னும் நேரம் இருக்குன்னு நினைத்தார். மோதல். இரண்டு டிரைவர்களும் தபால் ஊழியர்களும் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் அங்கே ரயில்வே கடிகாரங்களைப் பரிசோதிக்கும் கடுமையான முறை வந்தது. நம்ம ஊரில் ஒற்றைத் தடத்தைக் காப்பாற்றியது கடிகாரம் மட்டும் இல்லை, "லைன் கிளியர்" கேட்டு வாங்கும் முறை. ஆனாலும் இரண்டு ஸ்டேஷன்களும் பதிவேட்டில் எழுதும் நேரம் ஒத்துப்போகலைன்னா, விபத்துக்கு அப்புறம் விசாரிக்க வருபவர் எந்த வரியை நம்புவார்?

எல்லாரும் இந்த மையத்தை ஏற்றுக்கிட்டாங்களா? இல்லை. பம்பாய் ஏற்கலை. 1881-ல் பம்பாய் ஆளுநர் ஜேம்ஸ் ஃபெர்குசன், நகரம் முழுக்க மெட்ராஸ் டைம்தான் என்று உத்தரவிட்டார். ஊரே எதிர்த்தது. எங்கள் சூரியனை விட்டு எதுக்கு மெட்ராஸ் சூரியன்? பல்கலைக்கழகத்தின் ராஜாபாய் மணிக்கூண்டு உள்ளூர் நேரத்தைத்தான் காட்டும் என்று நின்றது; அப்படின்னா விளக்குப் போடக் காசு தரமாட்டோம் என்று அரசு சொன்னது. இரண்டு வருஷத்தில் உத்தரவைக் கைவிட்டார்கள். எனக்கு இதில் பிடிச்ச விஷயம், அவர்கள் எதிர்த்தது துல்லியத்தை இல்லை. "யாரைக் கேட்டு?" என்பதைத்தான். எந்த அலுவலகத்தில் மைய சர்வர் வைக்கப் போனாலும் முதல் நாள் இதே கேள்விதான் வரும், கொஞ்சம் மரியாதையான வார்த்தையில்.

1905 ஜூலையில் ரயில்வேயும் தந்தியும், 1906 ஜனவரி 1 முதல் அரசும், புது நேரத்துக்கு மாறின. 82.5 டிகிரி தீர்க்கரேகை, கிரீன்விச்சை விட ஐந்தரை மணி நேரம் முன்னே. இன்னைக்கு நாம் வாழும் ஐ.எஸ்.டி. அதுதான். மெட்ராஸ் டைமிலிருந்து கிட்டத்தட்ட 9 நிமிஷம் தள்ளிப் போனது. இப்போதைய கம்ப்யூட்டர்கள் சின்ன வித்தியாசம் என்றால் கடிகாரத்தைக் கொஞ்சம் வேகப்படுத்தியோ மெதுவாக்கியோ நைசாகச் சரிசெய்யும், யாருக்கும் தெரியாது. பெரிய வித்தியாசம் என்றால் ஒரே தாவு. 1906 ஒரே தாவு. தூத்துக்குடிக்கு மொத்தக் கணக்கு இப்போ 17 நிமிஷம். அதாவது இன்னைக்கும் தூத்துக்குடி கடற்கரையில் நின்று பார்த்தால், சராசரியாக உச்சி வெயில் 12:17-க்கு. கல்கத்தா 1948 வரைக்கும் தன் நேரத்தை விடலை. பம்பாயில் சுதந்திரத்துக்குப் பிறகும் சில வருஷம் பழைய நேரம் உயிரோடு இருந்தது.

அதே 1906-ல்தான் வ.உ.சி. சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியைத் தொடங்கினார். தூத்துக்குடி, கொழும்பு வழியில் பிரிட்டிஷ் இந்தியா கம்பெனியின் ஏகபோகத்தை உடைக்க. 1907-ல் காலியா, லாவோ என்ற இரண்டு கப்பல்கள் வந்தன. இந்தக் கதை உங்களுக்கு நல்லாவே தெரியும், அதனால் நீட்டலை. ஆனால் அதன் கடைசி அத்தியாயத்தில் ஒரு ரயில் அட்டவணை இருக்கு. 1911 ஜூன் 17. கலெக்டர் ஆஷ் திருநெல்வேலியிலிருந்து வந்த வண்டி மணியாச்சியில் நிற்குது. தூத்துக்குடியிலிருந்து வரும் போட் மெயிலுக்காகக் காத்திருக்கணும். சுமார் பத்து நிமிஷம். அந்தக் காத்திருப்பில்தான் வாஞ்சிநாதன் பெட்டிக்குள் ஏறினார். இரண்டு திசையிலிருந்து வரும் வண்டிகளை ஒரு ஜங்ஷனில் பத்து நிமிஷ இடைவெளியில் சந்திக்க வைக்கும் ஏற்பாட்டைச் செய்து வச்சிருந்தது, எந்தப் பேரரசைச் சுட வந்தாரோ அந்தப் பேரரசுதான்.

கடலுக்கு அந்தப் பக்கம் போவோம். மையம் மாற்றியதை ஒரு முனை ஏற்காமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு நம் காலத்திலேயே ஒரு உதாரணம் இலங்கையில் நடந்தது. 1996 மே மாதம், மின்சாரப் பற்றாக்குறைக்காக இலங்கை அரசு கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளியது. அக்டோபரில் அரை மணி பின்னே. ஆக கிரீன்விச்சை விட 6 மணி நேரம் முன்னே. விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகள் இதை ஏற்கவில்லை. பழைய ஐந்தரையிலேயே இருந்தன. சோதனைச் சாவடியைத் தாண்டினால் அரை மணி நேரம் மாறும். ஒரே தீவில் இரண்டு நேரம், பத்து வருஷம். 2006 ஏப்ரலில் கொழும்பு மறுபடி ஐந்தரைக்குத் திரும்பியபோது, மாறாமல் இருந்தவர்களோடு மணி ஒத்துப்போனது. போர் மட்டும் ஒத்துப்போகலை, அது தெரிஞ்ச கதை.

சர்வர் மொழியில் சொன்னால், முனை விலகியதா, மையம் விலகியதா? பப்பெட்டுக்கு இந்தக் கேள்வியே புரியாது. மையத்தில் எழுதியிருப்பதுதான் சரி, மத்ததெல்லாம் விலகல். நான் இந்த வேலையைச் செய்து சம்பாதிக்கிறவன், மைய சர்வர் வேண்டாம்னு சொல்லப்போறதில்லை. 26 மெஷினில் தனித்தனியா உட்கார்ந்து பாஸ்வேர்ட் கொள்கை மாத்திப் பாருங்க, ஒரு வாரத்தில் நீங்களே கேட்பீங்க. ஆனால் மையத்துக்கு ஒரு வசதி இருக்கு, தன் தப்பு அதுக்குத் தப்பாகவே தெரியாது. தப்பாக எழுதிய ஒரு வரி 30 நிமிஷத்துக்குள் எல்லா மெஷினுக்கும் ஒழுங்காகப் போய்ச் சேரும். அதனால் நான் அங்கே ஒரு ஏற்பாடு செய்தேன். எந்த மாற்றமும் முதலில் அண்ணாச்சியின் மெஷினுக்கும் கேட் பக்கத்து மெஷினுக்கும் மட்டும் போகும். ஒரு நாள் கழிச்சு, அவர் "சரிதான் தம்பி" என்று சொன்னால் மத்த 24-க்கும். பீரங்கிக்காரன் கரையில் நின்று காற்றைப் பார்த்த மாதிரி.

அந்த அலுவலகத்தில் நேரத்தை எங்கிருந்து எடுத்தோம்? டெல்லியில் இருக்கும் தேசிய இயற்பியல் ஆய்வகத்திலிருந்து. இந்தியாவின் அதிகாரபூர்வ நேரத்தை இப்போ தயாரிப்பது அங்கே இருக்கும் சீசியம் அணுக் கடிகாரங்கள்தான். நுங்கம்பாக்கத்துத் தூணின் வேலையை அது எடுத்துக்கிட்டது. 2022 ஏப்ரலில் செர்ட்-இன் அமைப்பு ஒரு உத்தரவு போட்டது: நிறுவனங்கள், டேட்டா சென்டர்கள் எல்லாம் தங்கள் சிஸ்டம் கடிகாரங்களை என்.ஐ.சி. அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேர சர்வர்களோடு, அல்லது அவற்றோடு இணைந்த சர்வர்களோடு ஒத்துவைக்கணும். காரணம் ரயில்வே பதிவேட்டின் அதே காரணம்தான். ஹேக்கிங் நடந்தால் பத்து மெஷினின் லாக்கையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் படிக்கணும். எது முதலில், எது பிறகு என்று தெரியணும். அந்த 9 மெஷின்களின் பழைய லாக்கைப் பார்த்தேன். அதுல பாதி சம்பவங்கள் அந்த அலுவலகமே தொடங்குறதுக்கு முன்னாடி நடந்ததா எழுதியிருந்தது.

கடைசியா, வீட்டுக்குப் போனதும் செய்து பார்க்க ஒன்று. லினக்ஸ் மெஷினிலும் பல கருவிகளிலும் நேர மண்டலங்களின் வரலாறு முழுக்க ஒரு தரவுத்தளமா இருக்கும். உலகம் முழுக்க உள்ள சர்வர்கள் இதைத்தான் பயன்படுத்துது. அதில் இந்தியாவுக்கு "ஆசியா/கொல்கத்தா" என்று ஒரே மண்டலம். அதைத் தேர்ந்தெடுத்து, 1890 ஜனவரி 1-ந் தேதி மணி என்ன என்று கேளுங்க. ஐ.எஸ்.டி. என்று வராது. எம்.எம்.டி. என்று வரும். மெட்ராஸ் மீன் டைம். கிரீன்விச்சை விட 5 மணி 21 நிமிடம் 10 நொடி முன்னே. உங்க லேப்டாப்புக்குள் நுங்கம்பாக்கத்துத் தூண் இன்னும் நிற்குது.

அப்படியே "ஆசியா/கொழும்பு" என்று மாற்றி அதே தேதியைக் கேளுங்க. 1996-ல் நடந்ததும் 2006-ல் நடந்ததும் அதில் பதிவாகியிருக்கு. வன்னியின் அந்தப் பத்து வருஷத்துக்குத் தனி மண்டலம் கிடையாது. 1890-க்கு அதுவும் எம்.எம்.டி. என்றுதான் சொல்லும். ஆனால் அது மெட்ராஸ் இல்லை, மொரட்டுவ மீன் டைம். இரண்டுக்கும் ஒரே மூணு எழுத்து. தூத்துக்குடியில் போட் மெயிலை விட்டு இறங்கி, ராத்திரி கப்பல் ஏறி, காலையில் கொழும்பில் இறங்கினவர் தன் கடிகாரத்தை 1 நிமிஷம் 38 நொடி பின்னால் திருப்பி வச்சிருக்கணும்.